களஞ்சிய அறையில் அடித்த மணி: நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் நம் சங்கத்தின் தொலைபேசி அறையில் 23 வருடமாக வேலை செய்கிறேன். உங்களில் பலருக்கு என் முகத்தைவிட என் குரல்தான் கூடுதலாகப் பழக்கம். கடந்த கூட்டத்தில் வெளிக் கோல்களை உள் போன்களுக்குப் பிரித்து அனுப்பும் பழைய பீஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெள்ளவத்தைக் கட்டடம், மகரகம விடுதி, கொட்டாஞ்சேனைக் கிளை மூன்றையும் இன்டர்நெட் வழிப் போனுக்கு மாற்றுவது என்று தீர்மானித்திருக்கிறீர்கள். மூன்று கொம்பனிகள் தந்த விலைமனுக்களின் பிரதியை எனக்கும் காட்டினீர்கள். அதற்கு உண்மையிலேயே நன்றி. இரண்டு இரவு இருந்து மூன்றையும் வாசித்தேன். வாசித்த பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இதைச் சபைக்கு மட்டும் எழுதாமல் எல்லா அங்கத்தவரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய இலக்கத்துக்குக் கோல் எடுக்கிற சனம் நம்முடைய கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்கள் முல்லைத்தீவிலும் பூநகரியிலும் பொகவந்தலாவையிலும் இருக்கிறார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நாள் குறித்துக் கொடுத்த துண்டை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கொழும்பில் தங்க இடம் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள். எந்தப் போன் வாங்குவது என்று அவர்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. அவர்களோடு தினமும் கதைக்கிறவள் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மாற்றத்தான் வேண்டும். பழையதே போதும் என்று சொல்ல நான் வரவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். சோடி சோடியாகச் செம்புக் கம்பிகள் வந்து இறங்கும் பலகை ஒன்று இருக்கும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் நமது கட்டடம். உப்புக் காற்று இத்தனை வருடமும் அந்தப் பலகையைத் தின்றிருக்கிறது. கம்பி முனைகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை பழைய பல் தூரிகை ஒன்றால் நான்தான் அதைச் சுரண்டி விடுகிறேன். மே மாதம் மழை தொடங்கினால் 112ஆம் உள் இலக்கப் போனில் கரகர என்று சத்தம். இரண்டு நாள் விடாமல் பெய்தால் 126 முழுதாகச் செத்துப்போகும், வெயில் எறித்ததும் தானாக உயிர் வரும். போன வருடம் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுக் கார்ட் ஒன்று எரிந்தபோது புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கழற்றிய சாமான் விற்கிற கடையில் ஒன்று கிடைத்தது. அடுத்த தடவை கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் 2020. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள், கொழும்பில் அது மே மாதக் கடைசி வரைக்கும் இழுத்தது. நான் தெஹிவளையில் வீட்டுக்குள் இருந்தேன். கட்டடத்தில் காவலாளி ஒருவர் மட்டும். கீழே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று அவர் என் கைப்போனுக்கு எடுத்துச் சொன்னார். நான்காவது நாள், 'அக்கா, கேட்க ஏலாமல் இருக்கு' என்றார். ஊசி மருந்துக்கு நாள் தவறக்கூடாத நோயாளிகள் அவர்கள். என்ன செய்வது என்று கேட்க எடுத்தவர்களுக்கு மணிச் சத்தம் மட்டும்தான் பதிலாகக் கிடைத்தது. இன்டர்நெட் போனாக இருந்திருந்தால் அதே இலக்கத்துக்கு வரும் கோலை என் வீட்டுக் குசினியில் இருந்தே எடுத்திருப்பேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இந்த மாற்றம் ஆறு வருடம் முந்தியே வந்திருக்க வேண்டும்.

ஆகவே மாற்றுங்கள். ஆனால் சோதனைக்கென்று இரண்டாம் மாடியில் ஆறு போன்களை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தோமே, அந்த இரண்டு வாரத்தில் நான் கண்டதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்டர்நெட் போன் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்குகிறது. பிறகு 20 மில்லிசெக்கன் பேச்சை ஒரு பொதியாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு வினாடிப் பேச்சுக்கு 50 பொதிகள். நல்ல தரத்தில் கதைக்க ஒரு கோலுக்கு வினாடிக்குப் போக்கில் 87, வரவில் 87 கிலோபிட் அளவு வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரம் கதைத்தாலும் போக்கிலும் வரவிலும் தலா ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 'உங்கள் பைபர் லைனுக்கு இது தூசு' என்று கொம்பனியிலிருந்து வந்த தம்பி சொன்னது இதை வைத்துத்தான். கணக்குச் சரி.

அப்படியிருந்தும் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வவுனியாவிலிருந்து ஒருவர் எடுத்தார். 'பிள்ளை, அம்மாவாலை நாளைக்கு வர முடி' என்றது போன். அதற்குமேல் ஒன்றுமில்லை. பிறகு, 'அப்ப சரி பிள்ளை, வைக்கிறன்' என்றார். முடியும் என்றாரா, முடியாது என்றாரா? திருப்பி எடுத்துக் கேட்டேன். முடியாதாம், அம்மாவுக்குக் காய்ச்சலாம். நான் திருப்பி எடுக்காமல் விட்டிருந்தால் அறை ஒன்று சும்மா கிடந்திருக்கும். வெளியே காத்திருந்த இன்னொரு குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்லியிருப்பேன்.

இதைச் சபையில் உள்ளவர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். தமிழில் ஆம், இல்லை இரண்டும் வசனத்தின் வாலில்தான் வருகின்றன. முடியும், முடியாது. சாப்பிட்டவர், சாப்பிடவில்லை. வலி இருக்கு, வலி இல்லை. ஆங்கிலத்தில் கதைப்பவர் வசனத்தின் நடுவிலேயே இல்லையைச் சொல்லி முடித்திருப்பார். நம்முடைய சனம் கடைசி அசையில் சொல்கிறது, அதுவும் குரல் இறங்கிப் போகிற இடத்தில். நாலு பொதி தொலைந்தால் போதும், நோயாளி சொன்னது தலைகீழாகிவிடும்.

ஏன் அப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தோம். தினமும் பதினொரு மணிக்குக் கணக்குப் பகுதிக் கணினி தன்னுடைய கோப்புகளையெல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றிச் சேமிக்கிறது. அந்த நேரம் ஏற்றுகிற பக்கம் நிரம்பிவிடுகிறது, குரல் பொதிகள் வரிசையில் நிற்கின்றன. பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்குப் பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றவர்களுக்கு இது விளங்கும். வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்த அரை மணித்தியாலம் யாரும் அசைய முடியாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஒரு பொலிஸ்காரர் வேண்டும். நம்முடைய ரவுட்டரிலும், போன்களையும் கணினிகளையும் இணைக்கிற சுவிட்ச் என்ற பெட்டியிலும் அந்தப் பொலிஸ்காரரை வைக்கலாம். குரலுக்குத் தனிப் பாதை பிரித்து, முன்னுரிமை கொடுத்துவிட்டால் போதும். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக 150 மில்லிசெக்கனைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இதற்குப் புதிதாகச் சாமான் வாங்கத் தேவையில்லை, தெரிந்த ஒருவர் அரை நாள் உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று விலைமனுவிலும் இது எழுதப்படவில்லை. எழுதி வாங்குங்கள்.

இனி கரண்ட்.

பழைய செம்பு லைன் போனுக்கு நாம் கரண்ட் கொடுப்பதில்லை. கம்பி வழியாகவே 48 வோல்ட் வருகிறது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பட்டரியும் ஜெனரேட்டரும் வைத்து அதை அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் வீடு முழுக்க இருட்டாக இருந்தாலும் மூலையில் இருக்கிற போன் அடிக்கும். இன்டர்நெட் போனில் இந்தப் பொறுப்பு நம்முடைய தலையில் வருகிறது. பைபர் வந்து இறங்குகிற பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், கோல்களைப் பிரித்து அனுப்பும் கணினி, மேசையில் இருக்கும் போன் என்று ஐந்துக்கும் கரண்ட் வேண்டும். ஒன்று நின்றாலும் எல்லாம் நின்றதுதான்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. அன்றைக்கு நான் முறை வேலையில் இருந்தேன். பதினொன்றரை இருக்கும். காற்றாடி நின்றது, என் பலகையில் இருந்த சிவப்பு லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யூபிஎஸ், அதாவது கரண்ட் நின்றதும் கைகொடுக்கும் பட்டரி, பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது. அதன் பிறகு அந்தப் பெரிய கட்டடத்தில் வேலை செய்த ஒரே போன் வாசலில் காவலாளியின் மேசையில் இருக்கும் பழைய சாம்பல் நிறப் போன்தான். பெட்டியின் வழியாகப் போகாமல் நேரே வெளிக் கம்பியில் கொழுவியது அது. அன்றைக்கு மாலை வரைக்கும் நான் காவலாளியின் கதிரையில் இருந்துகொண்டு கோல் எடுத்தேன். மேல் மாடியில் ஒட்சிசன் இயந்திரத்தோடு இருந்த ஒருவரை அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ததும் அந்தப் போனில்தான்.

இப்போது வந்திருக்கும் விலைமனுக்களில் எதில் யூபிஎஸ் இருக்கிறது? ஒன்றில் இல்லவே இல்லை. இரண்டில் கணினிக்கு மட்டும் இருக்கிறது. கணினி விழித்திருந்து என்ன பயன், மாடிகளில் உள்ள சுவிட்ச் செத்துவிட்டால்? நான் கேட்பது இது. ஐந்து சாமானும் ஒன்றாக நாலு மணித்தியாலம் தாங்குகிற அளவுக்குப் பட்டரி வேண்டும். சுவிட்சிலிருந்து அதே வயரில் போனுக்கும் கரண்ட் போகும் வகையை வாங்குங்கள், அப்போது ஒவ்வொரு மேசைக்கும் தனியாகப் பட்டரி தேவைப்படாது. ஒரு மேசைப் போனுக்குச் சில வாட் போதும், ஆகவே இது நடக்கிற காரியம்தான். ஈயப் பட்டரிகள் இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், அவற்றை மாற்றுகிற செலவையும் இப்போதே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம், கோல்களைப் பிரிக்கிற கணினி நம்முடைய கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். அது வேறு நாட்டில் இருக்கிற ஏற்பாடுகளும் உண்டு. அப்படியானால் இன்டர்நெட் விழுந்த அன்றைக்குக் கீழ் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குக்கூடக் கதைக்க முடியாது.

அந்தச் சாம்பல் நிறப் போனைத் தயவுசெய்து கழற்ற வேண்டாம். 'எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் மாத வாடகை மிச்சம்' என்று ஒரு விலைமனுவில் அதற்கும் கோடு போட்டிருக்கிறார்கள். நம் ஒழுங்கைக்கும் பைபர் வந்துவிட்டது, செம்புக் கம்பி எத்தனை காலம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இருக்கும் வரைக்கும் அந்த ஒரு லைனுக்குக் காசு கட்டுவோம். போனால், அதற்குப் பதிலாக முழு நேரமும் சார்ஜில் இருக்கிற ஒரு கைப்போன் அந்த மேசைக்கு வேண்டும்.

லண்டனில் என் சித்தி ஒருவர் தனியாக இருக்கிறார். விழுந்துவிட்டால் அழுத்துவதற்குக் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டிருக்கிறார், அது வீட்டு லைன் வழியாக உதவிக்கு அழைக்கும். அங்கே பழைய லைன்களை 2025 முடிவுக்குள் நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். இப்படிப்பட்ட பொத்தான் வைத்திருப்பவர்கள் சிலருக்கு மாற்றத்தின்போது பாரதூரமான சம்பவங்கள் நடந்ததால், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை இடைநிறுத்தினார்கள். பிறகு கடைசித் திகதியை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு நாடே ஆறுதலாகச் செய்கிற வேலையை நாம் மூன்று கிழமையில் முடிப்போம் என்று விலைமனுவில் போட்டிருப்பதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது சொல்லப் போவதற்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

நம்முடைய உள் இலக்கங்கள் 101இல் தொடங்கி 199 வரை போகின்றன. 110 கணக்குப் பகுதி. 119 வாசிப்பறை. 199 களஞ்சிய அறை. வெளியே எடுக்க முதலில் 9ஐ அழுத்த வேண்டும். இது நமக்குப் பழக்கம். இரவு பஸ்ஸில் வந்து மேல் மாடியில் தங்குகிற ஒருவருக்கு இது எப்படித் தெரியும்?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு இரவு, இரண்டு மணிக்கு, மேல் மாடி அறையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டது. கணவர் போனைத் தூக்கி 1990ஐ அழுத்தினார். ஆம்புலன்ஸ் இலக்கம், நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நம்முடைய பெட்டி 1, 9, 9 என்ற மூன்றைக் கேட்டவுடனேயே அதைக் களஞ்சிய அறைக்கு அனுப்பிவிட்டது. கடைசிப் பூச்சியத்தை அது கவனிக்கவே இல்லை. கீழே பூட்டிய அறையில், அரிசி மூடைகளுக்கும் போர்வைப் பெட்டிகளுக்கும் நடுவில் போன் அடித்தது. மேலே அவருக்கு மணிச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் எடுக்கிறார்கள் இல்லை என்று நினைத்து வைத்துவிட்டுத் திரும்ப அழுத்தினார். திரும்பவும் களஞ்சிய அறை. மூன்றாவது தடவை காவலாளிக்குச் சந்தேகம் வந்தது, இந்த நேரத்தில் களஞ்சிய அறைக்கு யார் எடுப்பது என்று. மேலே ஓடினார். பிறகு வாசலுக்கு ஓடி வந்து அந்தச் சாம்பல் நிறப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அந்த அம்மா பிழைத்தார். அடுத்த நாள் காலை காவலாளி இதை எனக்குச் சொன்னபோது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே எல்லா அறைப் போனிலும் '9-1990' என்று எழுதி ஒட்டினேன். துடைக்கத் துடைக்க மை அழிந்துவிடுகிறது, நான் வருடத்துக்கு இரண்டு தடவை திரும்ப எழுதுகிறேன்.

119ஐ அழுத்தினால் பொலிஸ் வராது, வாசிப்பறையில் அடிக்கும். தீயணைப்புக்கு 110ஐ அழுத்தினால் கணக்குப் பகுதி.

இதே மாதிரி 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரில் நடந்தது. ஹோட்டல் அறை ஒன்றில் கேரி ஹண்ட் என்ற பெண்ணை, பிரிந்திருந்த கணவன் குத்திக் கொன்றான். கூட இருந்த 9 வயது மகள் 911ஐ நான்கு தடவை அழுத்தினாள். படித்துக் கொடுத்தபடியே செய்தது பிள்ளை. ஆனால் அந்த ஹோட்டலில் வெளி லைனுக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும். அந்தப் பெண்ணின் தகப்பன் விடாமல் போராடியதால் 2018இல் அங்கே அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பெப்ரவரியிலிருந்து புதிதாகப் பொருத்தும் எந்த அலுவலக, ஹோட்டல் போனிலும் அவசர இலக்கத்தை நேரே அழுத்தினாலே போக வேண்டும், முன் மேசைக்கும் தகவல் வர வேண்டும்.

நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கிற பெட்டியில் இதை மாற்ற முடியாமல் நான் இத்தனை வருடம் பேனையால் எழுதிக்கொண்டிருந்தேன். புதிய ஏற்பாட்டில் சில வரி மாற்றினால் சரி. ஆனால் விலைமனுவில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'உங்கள் தற்போதைய உள் இலக்கங்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்' என்று, அதையே ஒரு வசதியாக. வேண்டாம். உள் இலக்கங்கள் 1இல் தொடங்கவே கூடாது. 401, 402 என்று வைப்போம். 1990, 119, 110 மூன்றும் 9 போட்டாலும் போடாவிட்டாலும் வெளியே போக வேண்டும். யாராவது அவற்றை அழுத்தினால் வாசல் மேசைப் போனிலும் எந்த அறை என்று காட்ட வேண்டும், காவலாளி கதவைத் திறந்து லிப்டைப் பிடித்து வைக்க. இன்னொன்று, இந்தப் போன்களைக் கழற்றி மகரகமவில் கொழுவினாலும் வெள்ளவத்தை இலக்கத்திலேயே வேலை செய்யும். வசதிதான், ஆனால் உதவிக்கு வருகிறவர்கள் இலக்கத்தை வைத்து இடத்தை ஊகித்தால் பிழையான வாசலுக்குத்தான் வருவார்கள். ஆகவே ஒவ்வொரு விடுதிப் போனிலும் அந்தக் கட்டடத்தின் முகவரியை மூன்று மொழியிலும் ஒட்ட வேண்டும், அழியாத எழுத்தில்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சோதனைப் போன்களில் 405க்கு 405 என்றே கடவுச்சொல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்படி இலகுவான கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து, இரவோடு இரவாக வெளிநாட்டு இலக்கங்களுக்கு எடுத்து, பில்லை நம் தலையில் கட்டுகிற திருடர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு எடுப்பதை என் மேசைக்கு மட்டும் விட்டு மற்றதையெல்லாம் பூட்டுங்கள், மாதத்துக்கு ஒரு எல்லையும் போடுங்கள். பெக்ஸ் (தொலைநகல்) இன்னும் தேவைப்படுகிறது, குரலைச் சுருக்கி அனுப்பும் முறையில் பெக்ஸ் சரியாகப் போகாது, அதற்குத் தனி ஏற்பாடு கேளுங்கள். லிப்டுக்குள் இருக்கிற போனை மூன்று விலைமனுவும் மறந்துவிட்டன. எல்லாக் கோலையும் பதிவு செய்யலாம் என்று ஒரு வசதி சொல்கிறார்கள். நோயாளிகள் என்னிடம் தங்கள் வீட்டாருக்குக்கூடச் சொல்லாததைச் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேடமாகப் பாதுகாக்கச் சொல்கிறது. பதிவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய இலக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். 2003இல் கொழும்பு இலக்கங்களுக்கு முன்னால் 2 சேர்த்து ஏழு இலக்கமாக்கியபோதே எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த இலக்கம் கிளினிக் கொப்பிகளின் பின் மட்டையில் பேனையால் எழுதியிருக்கிறது. ஒரு தாய் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். இதே இலக்கத்தைப் புதிய ஏற்பாட்டுக்குக் கொண்டுவர முடியும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, தானியங்கிக் குரல். கோல் வந்ததும் 'சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று' என்று தொடங்கி, பிறகு ஐந்து பகுதிகளின் பெயரைச் சொல்லி, கடைசியில் ஆளிடம் கொண்டுவந்து விடுகிற முறை. சோதனையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு மனிதக் குரலைக் கேட்க 48 வினாடி ஆனது. இது வந்தால் ஒபரேட்டர் பதவி தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. என் வேலைக்காக நான் இதைச் சொல்லவில்லை, எனக்குப் பிறகு அந்தக் கதிரையில் யாராவது இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. நமக்கு எடுக்கிறவர்களில் பலர் ரிங் கட் தான் கொடுப்பார்கள். போனில் காசு இருக்காது. இரண்டு மணி அடிக்கும், நின்றுவிடும். அந்த இலக்கத்தை நான் கொப்பியில் குறித்து, திருப்பி எடுப்பேன். இன்றைக்குக் காலையில் மட்டும் பதினொரு இலக்கம். தானியங்கிக் குரல் முதல் மணியிலேயே எடுத்துவிடும். எடுத்த உடனேயே அவர்களுடைய காசு ஓடத் தொடங்கும். பாதி மெனுவில் காசு முடிந்து லைன் அறுந்துவிடும், நமக்கு அவர்கள் எடுத்ததே தெரியாது. இருபது ரூபாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்களிடம் இதை நாம் செய்யக்கூடாது.

யாழ்ப்பாணத்தார் கதைப்பார்கள், மலையகத்தார் பேசுவார்கள். ஒருவர் 'பிள்ளை' என்பார், இன்னொருவர் 'அக்கா, கொஞ்சம் கேளுங்க' என்பார். நோயின் பெயரை வாயால் சொல்ல விரும்பாமல், 'மகரகமவுக்கு வாற வருத்தம்' என்பார்கள். எந்தப் பகுதி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. யாரோடு வருகிறீர்கள், எத்தனை மணி பஸ், சாப்பிடுவாரா, படியேறுவாரா என்று நான் கேட்டுக் கேட்டுத்தான் கீழ் அறையா மேல் அறையா என்று முடிவு செய்வேன். யாழ்ப்பாண இரவு பஸ் விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிடும். இருட்டில், பையோடும் நோயாளியோடும் காலி வீதியில் நின்று எடுக்கிற கோலுக்கு, 'வாங்கோ, கேற் திறந்திருக்கு' என்று ஒரு குரல் சொல்ல வேண்டும். மெனு இரவு பகல் எந்த நேரமும் வேண்டாம். இரண்டு ஒபரேட்டர்களும் கதைத்துக்கொண்டிருந்தால் மட்டும், ஐந்தாவது மணிக்குப் பிறகு, தமிழில் முதலும் சிங்களத்தில் அடுத்ததாகவும் 'கொஞ்சம் பொறுங்கள், நாங்களே திருப்பி எடுக்கிறோம்' என்று ஒரே ஒரு வசனம் போதும். எடுத்தவரின் இலக்கம் என் திரையில் தங்கட்டும். அந்த வேலையைப் புதிய போன் என் கொப்பியைவிட நன்றாகச் செய்யும்.

வேலை முடிந்துவிட்டது என்று கொம்பனி சொல்கிற நாளில் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வாருங்கள். விடுதியில் இருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்போம். தலைவர் மேல் மாடி அறையில், செயலாளர் வாசிப்பறையில், பொருளாளர் லிப்டுக்குள், ஒருவர் களஞ்சிய அறையில் நில்லுங்கள். கீழே மெயின் சுவிட்சை நான் இறக்குகிறேன். தலைவர் போனைத் தூக்கி 1990ஐ அழுத்தட்டும். களஞ்சிய அறையில் நிற்பவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
தொலைபேசி அறையிலிருந்து,
வெள்ளவத்தை, கொழும்பு 6